படிக்குப் படி நாமம்

மாம்பழச்சாலையைத் தாண்டி ஸ்ரீரங்கத்துக்குள் நுழைகிற வழியில், கேமரா மாட்டுகிற கடை ஒன்று இருக்கிறது. லாட்ஜ், நகைக்கடை, ஹாஸ்டல் என்று எல்லா இடத்திலும் கேமராவைப் பொருத்தி, யார் எங்கே வழுக்கி விழுந்தாலும் தெளிவாகத் தெரிகிற மாதிரி செய்து கொடுப்பது ரெங்கராஜின் தொழில். அவன் வழுக்கி விழாமல் இருக்க என்ன ஏற்பாடு என்று கேட்டால் ராஜகோபுரம் இருக்கிற பக்கம் கையைக் காட்டுவான்.

அவனிடம் ஓர் அலுமினிய இரட்டை ஏணி இருந்தது. கயிற்றை இழுத்தால் மேல் பாதி கப்பியில் ஏறிக்கொண்டே போகும். வேண்டிய உயரம் வந்ததும் கொக்கி படியைக் கவ்விக்கொள்ளும். வாங்கின புதிதில் அப்படித்தான் கவ்வியது. பிறகு கொக்கி வளைந்தது, கட்டுக்கம்பியைச் சுற்றி முறுக்கினான். கயிறு நைந்தது, அவன் மனைவி வேணி மொட்டை மாடியில் துணி காயப்போடக் கட்டியிருந்த நைலான் கொடி மறுநாள் காணாமல் போனது. ஒரு காலின் ரப்பர் ஷூ எங்கேயோ கழன்று விழுந்தது, அந்தக் காலுக்குச் சாக்குத்துணியைச் சுற்றிவிட்டான். நீளச் சட்டத்தில் விரிசல் விட்டபோது மட்டும் கொஞ்சம் யோசித்தான். யோசித்து, குழாய் ஒழுகினால் அப்புகிற பசையை வாங்கி விரிசலில் அப்பி, மேலே சில்வர் பெயிண்ட் அடித்தான். பெயிண்ட் காய்ந்ததும் விரிசல் கண்ணுக்குத் தெரியவில்லை. கண்ணுக்குத் தெரியாததை ரிப்பேர் ஆகிவிட்டதாகவே எடுத்துக்கொள்வது அவன் வழக்கம்.

ஏறும்போது கீழே ஏணியைப் பிடித்துக்கொள்ள அன்புச்செல்வன் இருந்தான். மணப்பாறைக்காரன், இரண்டு பிள்ளைக்குத் தகப்பன், பொறுப்பானவன். ஏணியின் கீழ்ப்படியில் ஒரு காலை வைத்து அழுத்திக்கொள்வான். கை இரண்டும் ஃபோனில் இருக்கும். ஏணியைச் சுவரிலிருந்து நாலடி உயரத்துக்கு ஓரடி என்று தள்ளிச் சாய்த்து வைக்க வேண்டும் என்று வேணி சொன்னால், "பைக் போக வழி வேணாமா அண்ணி" என்பான். அதனால் ஏணி எப்போதும் சுவரோடு சுவராக, விறைத்துப்போய் நிற்கும். ரெங்கராஜ் ஒரு தோளில் டிரில் மிஷினும் மறு தோளில் ஒயர் சுருளுமாக, படியைப் பிடிக்க மிச்சமிருக்கிற ரெண்டு விரலால் பிடித்துக்கொண்டு மேலே போவான்.

கடையில் ஃபோன் எடுப்பதும் பில் போடுவதும் வேணிதான். அவளுக்கும் இதெல்லாம் ஒரு காலத்தில் பழகித்தான் போயிருந்தது. பாக்கியநாதன் விழுந்த பிறகுதான் பழக்கம் விட்டுப்போனது.

பாக்கியநாதனும் ஏணி ஏறிப் பிழைக்கிறவர், கடைகளுக்குப் போர்டு மாட்டுகிறவர். துவாக்குடியில் ஒரு மாணவர் விடுதி மாடியில் ஏறும்போது ஏணியின் கால் வழுக்கிவிட்டது. கழுத்துக்குக் கீழே இப்போது அவருக்கு எதுவும் தெரிவதில்லை. வேணி பார்க்கப் போயிருந்தாள். அவருடைய மனைவி சோறு பிசைந்து ஊட்டிக்கொண்டே, "உக்காருங்க வேணி" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து, ரெங்கராஜ் ஏணியைத் தோளில் தூக்கும்போதெல்லாம் வேணி போட்ட பில்லைப் பாதியில் விட்டுவிட்டு வாசலுக்கு வந்து நின்றாள்.

விபத்துக்குக் காரணம் என்ன என்று தொழில்காரர்கள் எல்லாம் கூடிப் பேசினார்கள். ஏணிக் காலில் ரப்பர் இருந்ததா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. ஊர்க்கண் என்று ஏகமனதாக முடிவானது. ரெங்கராஜ் அதை மிகவும் கவனத்தில் எடுத்துக்கொண்டு, அன்று சாயங்காலமே தன் ஏணிக்கு எலுமிச்சையும் பச்சைமிளகாயும் கோத்துக் கட்டினான். ஏணியின் பராமரிப்பில் அவன் குறை வைத்தான் என்று யாரும் சொல்லிவிட முடியாது.

வேணி சொல்லிப் பார்த்தாள். மத்தியானத்தில் கடை காற்று வாங்குகிற நேரத்தில் ஃபோனில் வீடியோவாகப் பார்த்து, விரிசல் விட்ட ஏணியை ஒட்டக்கூடாது, வெல்டிங்கும் வைக்கக்கூடாது, அறுத்துத்தான் போட வேண்டும் என்று தெரிந்துகொண்டு சொன்னாள்.

"அதெல்லாம் வெளிநாட்டுக்காரன் சொல்றது வேணி. அவனுக்குக் கால் மரத்துப்போற குளிரு. நமக்கு என்ன?"

"புதுசு ஒண்ணு வாங்குங்க. நான் கேக்குறது நகையா, நட்டா?"

"ராசியான ஏணிடி. இது வந்த பிறகுதான் கடையே வந்துச்சு."

இதற்கு மேல் என்ன பேசுவது? ஒரு நாள் கயிற்றை ஒளித்து வைத்தாள். அவன் கயிறு இல்லாமலே மேல் பாதியைத் தள்ளி ஏற்றிக்கொண்டு போய்விட்டான். அது இன்னும் ஆபத்து என்று கயிற்றைத் திரும்பக் கொண்டுவந்து அவளே கட்டினாள்.

ஆயுத பூஜை வந்தது. ரெங்கராஜ் ஏணியைக் கழுவித் துடைத்து, தெருவே பார்க்கட்டும் என்று முழு உயரத்துக்கு நீட்டி, கடைக்கு முன்னால் சுவரில் சாத்தினான். சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை, ஏணியோடு சேர்த்துக் கட்டின வாழைக்கன்று, மேலேயிருந்து கீழே வரை சீரியல் லைட். பூசணிக்காயைச் சுற்றி உடைத்தான். நட்டை மட்டும் ஒன்றைக்கூட முறுக்கவில்லை.

சாயங்காலம் சீரியல் லைட் ஓரிடத்தில் அணைந்துபோக, சரிசெய்ய ஏறப் போனவன் முதல் படியில் வைத்த காலைச் சட்டென்று எடுத்தான். படியில் குங்குமம் இருந்தது. கன்னத்தில் போட்டுக்கொண்டு அந்தப் படியைத் தாண்டி இரண்டாவது படியில் கால் வைத்தான். விரிசல் விட்ட சட்டம் லேசாக முனகியது. அது அவன் காதில் விழவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த வேணிக்கு, அவன் குங்குமத்தை மிதிக்காததும் தெரிந்தது, சட்டம் முனகியதும் கேட்டது. அன்று ராத்திரி சாப்பிடும்போதுதான் அவன் சொன்னான், காலையில் விஜயதசமி, நல்ல நாள், துவாக்குடியில் ஒரு ஹாஸ்டலுக்குக் கேமரா, நாலாவது மாடி என்று.

விடிவதற்கு முன்னால் வேணி எழுந்தாள். வெள்ளைக்குத் திருமண் கட்டியைக் குழைத்தாள், நடுவில் சிவப்புக்கு ஸ்ரீசூர்ணத்தைக் கரைத்தாள். வாசலில் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டுவிட்டு, ஏணியின் கீழ்ப்படியிலிருந்து ஆரம்பித்துப் படிக்கொரு நாமமாக, கை எட்டுகிற உயரம் வரைக்கும் போட்டுக்கொண்டே போனாள். வடகலையா தென்கலையா என்று தெருவில் வழக்கு வரக்கூடாது என்பதற்காக, கோயில் மதிலில் இருக்கிறபடியே, கீழே பாதம் வைத்துத் தென்கலையாகப் போட்டாள். எட்டாத படிகளைப் பற்றி அவள் கவலைப்படவில்லை. கீழ்ப்படியைத் தொடாமல் மேல்படிக்குப் போகிற வித்தை அவள் புருஷனுக்குத் தெரியாது.

ரெங்கராஜ் பல் விளக்கிக்கொண்டே வாசலுக்கு வந்தான். பார்த்தான். வாயிலிருந்த நுரையைத் துப்ப இடம் தெரியாமல் விழுங்கினான்.

"என்ன வேணி இது?"

"பெருமாள். கனவுல வந்தாருங்க. உன் புருஷனுக்குச் சோறு போடுற ஏணியில நான் இருக்கேன், எனக்குத் திருமண்காப்பு இல்லையான்னாரு."

"சரி, தொடச்சிடு. கிளம்பணும்."

"நான் தொடைக்க மாட்டேன். நீங்க வேணா தொடைங்க."

ரெங்கராஜ் துணியை எடுத்தான். படிக்கு அருகே கொண்டுபோனான். துணி அந்தரத்தில் நின்றது. ஸ்ரீரங்கத்தில் பிறந்து வளர்ந்து, காலங்கார்த்தால நல்ல நாளும் அதுவுமாக, நாமத்தைத் துணி போட்டு அழிக்கிற கை அவனுக்கு வாய்க்கவில்லை. அன்புச்செல்வனைக் கூப்பிட்டு, "நீ ஏறுடா" என்றான்.

"புள்ளகுட்டிக்காரன் அண்ணே நானு" என்றான் அன்பு. விரிசல் விட்ட ஏணியில் இத்தனை வருஷம் தைரியமாக அண்ணனை ஏற்றிவிட்டவனுக்கு, நாமத்தைப் பார்த்ததும் பிள்ளைகள் ஞாபகம் வந்துவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து அவனே ஒரு யோசனை சொன்னான். "தலகீழாத் திருப்பிக்கலாமா அண்ணே? நாமம் மேல போயிடும்."

"பெருமாளைத் தலகீழா நிறுத்துவியாடா?"

அதற்குள் பூ விற்கிற காளியாயி வந்து, படிகளைப் பார்த்துக் கூடையை இறக்கி வைத்து, மகளுக்கு வரன் அமைய வேண்டும் என்று ஏணியின் சாக்குத்துணிக் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். ஒரு முழம் கதம்பத்தையும் சாத்திவிட்டுப் போனாள். வாடகை ஏணிக் கடைக்கு ஃபோன் போட்டால், விஜயதசமி, லீவு என்றார்கள். ஹாஸ்டல்காரர் இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார். வேணி உள்ளே அடுப்பில் பாலை வைத்துவிட்டு, ரொம்ப நாளைக்குப் பிறகு நிம்மதியாக ஒரு காப்பி கலந்துகொண்டாள்.

காப்பி பாதி இருக்கும்போது வாசலில் மணிச்சத்தம் கேட்டது.

வெளியே வந்து பார்த்தால், ரெங்கராஜ் நெற்றிக்கு இட்டுக்கொண்டு, ஏணிக்கு முன்னால் தேங்காய் உடைத்துக் கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தான். முகத்தில் அப்படி ஒரு தெளிவு. பிள்ளையார் சதுர்த்தி முடிந்ததும் பிள்ளையாரைக் கொஞ்சம் வடக்கே நகர்த்தி வைக்கிறோம் இல்லையா? நகர்த்தினால் சாமி தன் இடத்துக்குக் கிளம்பிவிட்டது, அப்புறம் அது வெறும் களிமண், ஆற்றில் கரைக்கலாம். பிள்ளையாருக்குச் செல்லுபடியாகிற சட்டம் ஏணிக்கு ஆகாதா? விரிசலுக்கு ஒரு நல்ல யோசனை தோன்றாத தலையில் இது மட்டும் எங்கிருந்துதான் தோன்றியதோ.

"ஒரு சாண் வடக்கால நகத்திட்டா பெருமாள் கோயிலுக்குக் கிளம்பிடுவாரு வேணி. நானும் துவாக்குடிக்குக் கிளம்பிடுவேன். முதல்ல அந்த சீரியல் லைட்டை அவுத்துட்டு வரேன்."

"வேணாங்க" என்றாள் வேணி. கையில் இருந்த ஆயுதம் ஒன்றே ஒன்று, அதையும் கற்பூரம் காட்டி அனுப்பிவைக்கிறான். "உங்க கால்ல விழறேன். ஏறாதீங்க."

"கால்ல எதுக்குடி விழுற? பெருமாளைக் கும்பிட்டு வழியனுப்பு."

கோலத்துக்குத் தெளித்த ஈரம் இன்னும் காயவில்லை. ரெங்கராஜ் இரண்டு சட்டத்தையும் பிடித்து, மூச்சை இழுத்து, ஏணியைத் தூக்கி வடக்கே ஒரு சாண் வைத்தான். வைத்துவிட்டு, முறைப்படி ஒரு அடி பின்னால் வந்து கைகூப்பிக் கண்ணை மூடினான். கண்ணைத் திறந்ததும் வலது காலைத் தூக்கி வைப்பதாக உத்தேசம்.

கட்டுக்கம்பி தெறித்த சத்தம் முதலில் வந்தது. மேல் பாதி ஏணி சீரியல் லைட்டோடு சரசரவென்று இறங்கியது. அந்த அதிர்ச்சியில் சாக்குக் கால் ஈரத்தில் வழுக்க, முழு ஏணியும் சுவரைக் கீறிக்கொண்டு தரையில் வந்து அறைந்தது. சில்வர் பெயிண்ட் அடித்த இடத்தில் சட்டம் பிளந்து வாயைத் திறந்தது. ஏணியோடு சேர்த்துக் கட்டியிருந்த வாழைக்கன்று, இறங்கின மேல் பாதியின் படிக்கும் கீழ்ப் பாதியின் படிக்கும் நடுவில் அகப்பட்டு இரண்டு துண்டாகக் கிடந்தது.

தெருவில் ஓடிவந்தார்கள். அன்புச்செல்வன் ஃபோனைக் கூடப் பையில் வைத்துவிட்டான். ரெங்கராஜ் கூப்பிய கையைப் பிரிக்கவில்லை. வாழைத்துண்டைப் பார்த்தான். பிறகு சுற்றி நின்றவர்களைப் பார்த்து, "பெருமாள் காப்பாத்திட்டாரு" என்றான். எல்லோரும் ஆமாம் ஆமாம் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். விடியும் முன்னால் எழுந்து திருமண் குழைத்தவளை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவளும் அதை எதிர்பார்க்கவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

தூணை விட்டது அடுத்த பேச்சுக்குத்தான். ரெங்கராஜ் குனிந்து, பிளந்த சட்டத்தைத் தடவிப் பார்த்துவிட்டு அன்புவிடம் சொன்னான்:

"இந்த இடத்துல ஒரு வெல்டிங் வச்சா நிக்கும்ல?"

வேணி உள்ளே போனாள். பூஜையில் வைத்திருந்த ரம்பத்தை, இரும்பு அறுக்கிற ரம்பத்தை, பொட்டும் பூவுமாக எடுத்து வந்தாள். ஏணிக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சட்டத்தின் நடுவில் வைத்து அறுக்க ஆரம்பித்தாள்.

"ஏய், நாமம் போட்டதை அறுக்குறியே. பாவம்டி."

"என்ன பாவம்?" நிமிராமல் கேட்டாள். "நீங்கதான வடக்க நகத்தி அவரை அனுப்பி வச்சீங்க. அவரு போயிட்டாரு. இது வெறும் அலுமினியம்."

கூட்டத்தில் யாரோ அது சரிதானே என்றார்கள். ரம்பம் போய்ப் போய் வந்தது. வேணியின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அதைத் துடைக்கக் கையை எடுக்காமல் அறுத்துக்கொண்டே சொன்னாள்:

"என்னால உங்களுக்குச் சோறு ஊட்ட முடியாதுங்க. பாக்கியநாதன் வீட்டுக்காரம்மா சிரிக்கிற மாதிரி எனக்குச் சிரிக்க வராது. அவ்வளவுதான். சொல்லிட்டேன்."

ஹாஸ்டல்காரர் மறுபடியும் கூப்பிட்டார். ஃபோன் ரெங்கராஜின் சட்டைப்பையில் அடித்து ஓய்ந்தது. அவன் மெல்லக் கடைப்படியில் உட்கார்ந்தான். வாழைத்துண்டைப் பார்த்துவிட்டு, வேட்டிக்கு மேலேயே இரண்டு முழங்காலையும் கையால் அழுத்தி அழுத்திப் பார்த்தான். ஒரு சட்டம் அறுந்து விழுந்தது. வேணி நகர்ந்து உட்கார்ந்து அடுத்த சட்டத்தில் ரம்பத்தை வைத்தாள்.