புதன்கிழமை மேட்னி

வெர்னா டால்காட் இருபது வருடமாகத் தனக்குச் சேராத பாராட்டுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தாள். ரொட்டிக் கடை வரிசையில் நிற்கும்போது யாராவது ஒரு பெண்மணி திரும்பிப் பார்த்து மார்பில் கை வைத்துக்கொள்வாள். "நீங்க அந்தப் படகுத்துறைப் படத்துல வந்தவங்கதானே? ஐயோ, என்ன குரல்ங்க உங்களுக்கு! கடைசிப் பாட்டுல மேல போவீங்களே, எனக்கு இப்பக்கூட உடம்பு சிலிர்க்குது!" வெர்னா சிரித்த முகமாக நன்றி சொல்லிவிட்டு ரொட்டியை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டுவாள்.

அந்தக் குரல் அவளுடையது இல்லை. வெளியே சொல்லக் கூடாது என்று ஸ்டுடியோ கையெழுத்து வாங்கியிருந்தது. அந்த ஸ்டுடியோவையே இழுத்து மூடின பிறகும் அவளுக்குச் சொல்ல வாய் வரவில்லை.

பாடத் தெரியாதவளாக இருந்திருந்தால் மனம் ஆறியிருக்கும். பிறகு படமாக வந்த அந்தக் கதை முதலில் பிராட்வே மேடையில் நாடகமாக ஏறியபோது, படகோட்டி மகள் கோராவாக முதன்முதலில் நின்றவள் அவள்தான். கடைசிப் பாட்டின் முடிவில் குரல் உச்சிக்கு ஏறி, அங்கேயே நின்று, திரை விழும்வரை இறங்காது. இரவுக் காட்சியில் அதைக் கேட்டுவிட்டு ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டியிருக்கிறார்கள்.

இரவுக் காட்சியில் மட்டும். புதன்கிழமைகளில் மத்தியானம் மேட்னியும் உண்டு. ஒரே நாளில் இரண்டு தடவை தொண்டையைக் கசக்க யாருக்கு மனசு வரும்? அதனால் மேட்னியில் உச்சிக்குப் போகாமல் பாதி வழியிலேயே இறங்கிவிடுவது மேடைப் பாடகிகளுக்கு வழக்கம். இசைக்குழுத் தலைவர் ஊதுகொம்புகளின் சத்தத்தைத் தூக்கிவிட்டு ஓட்டையை மூடிவிடுவார். மேட்னிக்கு வருவதெல்லாம் தொப்பியும் கையுறையுமாக, மடியில் சாக்லேட் பெட்டியோடு உட்காரும் பெண்கள். அவர்களுக்கு என்ன தெரியப்போகிறது என்று எல்லோருக்கும் ஓர் இளக்காரம். வெர்னாவுக்கும் இருந்தது.

அந்தப் புதன்கிழமை அவளுக்கு உடை மாட்டிவிடும் பிரைடி, முதுகுக் கொக்கிகளைப் போட்டுக்கொண்டே மெதுவாகப் பேச்சை எடுத்தாள். பிரைடி அயர்லாந்துக்காரி. பத்துப் பேர் முன்னால் மிஸ் டால்காட் என்பாள். தனியாக இருந்தால் கண்ணு என்பாள், அதட்டும்போது 'டி' போடுவாள்.

"கண்ணு, இன்னைக்கு ஒரு நாள் மேல போய்ப் பாடிடேன். என் தங்கச்சி நூலா வந்திருக்கா, பால்கனில. ராத்திரியெல்லாம் ஆபீஸ் கூட்டிப் பெருக்கற வேலை அவளுக்கு. மேட்னிய விட்டா வேற நேரமே இல்ல."

"நல்ல நாள் பாத்தீங்க பிரைடி! ராத்திரி யார் வர்றாருன்னு தெரியுமில்ல?"

"தெரியாம என்ன? ஒரு வாரமா அதே பாட்டுதானே. ஹாலிவுட்லேருந்து லூமிஸ் மகாராஜா வர்றார்."

"அந்த மகாராஜாதான் இதைப் படமா எடுக்கப் போறார். அவர் முன்னாடி என் தொண்டை கட்டிக்கிச்சுன்னா உங்க தங்கச்சியா வந்து பதில் சொல்லுவா?"

"ஒரு தரம் மேல போனா தொண்டை ஒண்ணும் கிழிஞ்சிடாதுடி."

"அடுத்த தடவை பாத்துக்கலாம், போங்க."

"அடுத்த தடவைய டிக்கெட்டோட சேத்துக் குடுக்கறாங்களா?" என்றாள் பிரைடி. கடைசிக் கொக்கியை மட்டும் கொஞ்சம் இறுக்கிப் போட்டாள்.

வெர்னா அன்று மத்தியானம் வழக்கம்போல இறங்கிவிட்டாள். கொம்புகள் எழும்பின, கையுறைகள் பொத்துப் பொத்தென்று தட்டின. இரவில் அவள் பாடியதுபோல அதற்கு முன்னும் பாடியதில்லை, பின்னும் பாடியதில்லை. பக்கத் திரைக்குப் பின்னால் நின்ற பிரைடி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். லூமிஸுக்கு ஒதுக்கிய நாற்காலி காலியாகவே கிடந்தது.

அவர் ஏன் வரவில்லை என்பது கலிஃபோர்னியாவில், அவருடைய அறையில், ஒப்பந்தத்துக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

"வந்தேனே! ராத்திரி ரயிலைப் பிடிக்கணும்னு மத்தியானமே வந்து, பின்னாடி நின்னுக்கிட்டே பாத்தேன். உன் முகம் பிரமாதம். குரல்தான் மேல ஏறல. அதுக்கென்ன, நெல் ஸ்ட்ராட்டன்னு ஒரு பொண்ணு இருக்கா, பாடிக் குடுத்துட்டா. நீ வாயசைச்சாப் போதும்."

"சார், அது மேட்னி சார்! மேட்னில நாங்க யாருமே முழுசாப் பாட மாட்டோம். இங்கயே, இப்பவே பாடிக் காட்டறேன் சார்."

லூமிஸ் விழுந்து விழுந்து சிரித்தார். "டிக்கெட்டுக்கு மட்டும் முழுக் காசு வாங்கினீங்களாக்கும்? பாட்டெல்லாம் பதிவாகியாச்சும்மா. இனிமே மாத்த முடியாது. உனக்கு முடியாதுன்னா சொல்லிடு, வேற முகம் பாத்துக்கறோம்."

அப்போதே எழுந்து வந்திருக்க வேண்டும். வரவில்லை. சுவரொட்டியில் தன் பெயர் எத்தனை பெரிதாக இருக்கும் என்று மனசு அதற்குள் அளந்து பார்த்துவிட்டது. பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.

படம் ஓடு ஓடென்று ஓடியது. வானொலியில் கூப்பிட்டார்கள், இரவு விடுதிகளில் கூப்பிட்டார்கள், எல்லோருக்கும் அந்தப் பாட்டே வேண்டும். பாடினால் இது வேறு குரல் என்று குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும். ஒவ்வொரு தடவையும் ஒரு சாக்குச் சொன்னாள். நாளடைவில் கூப்பிடுவதும் நின்றது, அவள் பாடுவதும் நின்றது. படங்களில் கதாநாயகிக்கு அக்காவானாள், பிறகு அத்தையானாள், பிறகு சோப்பு விளம்பரத்தில் துணி துவைத்தாள். நெல் ஸ்ட்ராட்டன் மீது அவளுக்குக் கோபமே இல்லை. பாவம், அவள் பெயர் சுவரொட்டியில் ஒரு மூலையில்கூட இல்லை. வெர்னாவுக்குத் தன்மேல்தான் ஆறாத கோபம்.

போன கோடையில் நியூ ஜெர்சியில் கூடாரம் போட்டு நாடகம் நடத்துகிறவர்கள் அதே கோரா வேடத்துக்கு அவளை அழைத்தார்கள். இந்த வயதில் படகோட்டிக்கு மகளா என்று ஊர் சிரிக்கும், சிரித்துவிட்டுப் போகட்டும். நூலா குடியிருக்கும் ஹோபோக்கன் நகரம் அங்கிருந்து பக்கத்தில்தான் இருக்கிறது. அவளுக்கு வைத்திருக்கும் பாக்கியைத் தீர்க்க இதைவிட்டால் வேறு வழி இல்லை என்று வெர்னாவுக்குத் தோன்றியது. பிரைடிக்குத் தொலைபேசியில் சொன்னாள்.

"புதன்கிழமை மேட்னிக்கு நூலாவைக் கூட்டிக்கிட்டு வாங்க. இந்தத் தடவை இறங்க மாட்டேன்."

"நெசமாவா? பழைய தொண்டையாடி அது?"

"வந்து கேளுங்க."

தனியாகப் பாடிப் பார்த்தபோது சில நாள் எட்டியது, சில நாள் எட்டவில்லை. அன்று கூடாரத்துக்குள் அடுப்படி போல வெக்கை. இசைக்குழுவை நடத்தும் இளைஞன் அருகே வந்தான். "மேட்னிதானே மேடம், கீழயே முடிச்சுக்கலாமே?"

"இல்லப்பா. மேலதான்."

கடைசிப் பாட்டு வந்தது. முன்வரிசையில் பிரைடி கைத்தடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவளைப் போலவே மூக்கு நீண்ட ஒரு கிழவி. வெர்னா மூச்சை இழுத்தாள், ஏறினாள். உச்சிக்கு ஒரு விரற்கடை இருக்கும்போது குரல் பிளந்தது. விடாமல் மறுபடி ஏறப் பார்த்தாள், மறுபடியும் பிளந்தது. அந்தப் பையன் அவசர அவசரமாகக் கொம்புகளைத் தூக்கிவிட்டான். ஜனங்கள் அன்பாகத்தான் கைதட்டினார்கள்.

காட்சி முடிந்ததும் சகோதரிகள் இருவரும் கூடாரத்தின் பின்பக்கம் வந்தார்கள். நூலா வெர்னாவின் கன்னத்தைத் தடவினாள்.

"வருத்தப்படாதம்மா. சினிமாவுல பாடினது நீ இல்லன்னு படம் பாத்த அன்னைக்கே எனக்குத் தெரியும். யார்கிட்டயும் நான் மூச்சு விடல. மேட்னில உன்னை நேர்ல கேட்டவளாச்சே நான்! உனக்கு அவ்வளவு உசரம் எட்டாதுன்னு எனக்குத் தெரியாதா?"

"அவளுக்கு எட்டும்!" பிரைடி கைத்தடியைத் தரையில் தட்டினாள். "ராத்திரி ராத்திரி நான் கேட்டிருக்கேன். ஊரே எழுந்து நிக்கும்."

"நீ சொல்லாம வேற யார் சொல்லுவா? அவ சோத்தத் தின்னவதானே நீ." நூலா மறுபடி வெர்னா பக்கம் திரும்பினாள். "எட்டலன்னாலும் இந்த வயசுல முயற்சி பண்ணினே பாரு, அதுவே பெரிசு."

நான் பாடியிருக்கிறேன் என்று சொல்ல வெர்னாவின் நாக்கு நுனிவரை வந்தது. இந்தக் கிழவியிடம் அதை எந்தத் தொண்டையை வைத்து நிரூபிப்பது? இத்தனை வருடத்தில் அவளுக்கென்றே, அவள் பாட்டுக்கென்றே வந்த முதல் பாராட்டு இதுதான்.

"நன்றி" என்றாள்.