பிடித்தவளும் சேர்ந்து விழுகிறாள்

அந்த வாரம் முழுக்க நாயகி விழுந்துகொண்டே இருந்தாள்.

இன்னும் வெளியாகாத ஒரு கணினி விளையாட்டின் நாயகி அவள். மேகங்களுக்கு மேலே இரும்பு வடங்களில் தொங்கும் வருங்கால நகரம் ஒன்று. அந்த வடங்களை யாரோ அறுக்கிறார்கள். நாயகி காப்பாற்ற வேண்டும். அவளுக்கு அபார சக்தி. கையை நீட்டித் தள்ளினால் சுவர் பெயர்ந்து போகும். ஆனால் அதே வேகத்தில் அவளும் பின்னால் சறுக்குவாள். காற்றடித்தால் அசைவாள். கனமானதைத் தூக்கினால் முழங்கால் மடங்கும். "சக்தி உண்டு, சலுகை கிடையாது" என்று இயக்குநர் சுவரில் எழுதி ஒட்டியிருந்தார்.

அந்தச் சலுகை கிடையாத பகுதியை எழுதியவனுக்கு அலுவலகத்தில் தராசு என்று பெயர். கதவு, பீப்பாய், உடைந்த கண்ணாடிச் சில்லு, எதற்கும் எடை போடாமல் விடமாட்டான். முப்பது வயதுக்குள் மனைவியைப் பறிகொடுத்தவன். விடுப்பு முடிந்து திரும்பியபோது எல்லோரும் மெதுவாகப் பேசினார்கள். இப்போது சாதாரணமாகத்தான் பேசுகிறார்கள். அவன்தான் பேசுவதில்லை.

மூன்றாம் கட்டத்தில் ஒரு காட்சி. மேல் பாலத்திலிருந்து ஒருவன் விழுகிறான். கீழ்த்தள விளிம்பில் நிற்கும் நாயகி அவனை இரு கைகளாலும் பிடித்து, நிறுத்தி வைத்து, முதுகில் உள்ளங்கையை வைத்து முகத்தைக் குனிந்து பார்க்கிறாள். அப்படித்தான் நடக்க வேண்டும். இப்போது என்ன நடந்ததென்றால், அவள் பிடித்தாள்; பிடித்த வேகத்தில் தடுமாறினாள்; கைப்பிடிக் கம்பிக்கு மேலாகச் சாய்ந்து அவனோடு சேர்ந்து மேகத்துக்குள் போனாள்.

கண்டுபிடித்தது நொட்டை அக்கா. விளையாட்டைச் சோதித்துக் குறை சொல்வதுதான் அவள் வேலை. பட்டப்பெயரை அவளே காபிக் கோப்பையில் எழுதி வைத்திருந்தாள். புகாருக்கு அவள் கொடுத்த தலைப்பு: 'பிடித்தவளும் சேர்ந்து விழுகிறாள்.'

"கைய விட்டுட்டான்னா பரவால்ல, தராசு. விடவே மாட்டேங்கிறா. அவனையும் கட்டிப் பிடிச்சுக்கிட்டே போறா. பாக்கவே என்னமோ போல இருக்கு."

"தரை வழுக்குதான்னு பாத்தேன். இல்ல."

"காத்து?"

"நிறுத்திப் பாத்தேன். அப்பவும் விழறா."

"விழறவன் குண்டாயிட்டானா?"

"அதே எடைதான்."

"அப்ப உன் கண்ணுதான் எதையோ தாண்டிப் போகுது" என்றாள் அக்கா. "வெள்ளிக்கிழமை டெமோ. பெரியவங்க வர்றாங்க. அதுக்குள்ள கண்டுபிடி, கண்ணு. இல்லேன்னா என்ன ஆகும்னு தெரியும்ல?"

தெரியும். இயக்குநர் அவனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்.

"தப்பா எடுத்துக்காத தம்பி. நிக்கலேன்னா அந்தக் காட்சியத் தூக்கிடலாம். மேலேருந்து ஒரு வெளிச்சம் வந்து அவனத் தாங்குற மாதிரி செஞ்சுக்கலாம். சலுகைதான். என்ன பண்றது, நேரம் இல்லையே."

"அப்ப பழைய அசைவு?"

அவர் மேசையைப் பார்த்தார். "அது... வேண்டியிருக்காது."

பழைய அசைவு என்றால் அவன் மனைவி.

அவள் உடற்பயிற்சிக் கூடத்தில் குழந்தைகளுக்குக் குட்டிக்கரணம் சொல்லிக்கொடுத்தவள். நாயகியின் உடம்பாக நடிக்க ஆள் தேடியபோது இயக்குநர்தான் அவளைக் கேட்டார். முகம் வேறொருத்தியுடையது. ஓட்டம், தாவல், சண்டை, மூச்சு வாங்கிக்கொண்டு இடுப்பில் கைவைத்து நிற்பது, எல்லாம் இவளுடையது. கறுப்பு உடுப்பில் வெள்ளை உருண்டைகளை ஒட்டிக்கொண்டு கேமராக்களுக்கு நடுவே குதித்தாள். உருண்டைகளின் அசைவைக் கணினி வாங்கிக்கொண்டது.

முதல் நாள் அவளை எடை மேடையில் ஏற்றினான். ஐம்பத்து நான்கு.

"உடுப்போட சேத்து காட்டுது. ஒரு கிலோ கழிச்சுக்கோ."

"முடியாது."

"பொண்டாட்டி எடைய ஆபீசுக்கே சொல்ற ஒரே ஆம்பள நீதான். தராசுன்னா தராசு!"

பெயர் அன்றைக்கு ஒட்டிக்கொண்டது.

வீட்டிலும் அவன் திரையையே பார்த்துக்கொண்டிருப்பான். அவள் பின்னால் வந்து நிற்பாள். "காலைலேருந்து ராத்திரி வரைக்கும் அவ மூஞ்சியையே பாக்குற. இந்த வீட்டுல எனக்கு ஒரு சக்களத்தி."

"அவளும் நீதானே."

"நானா? அவளுக்கு இடுப்பு வலிக்கிறதில்ல, துணி துவைக்கிறதில்ல. சக்களத்தியேதான்."

விழுகிறவனைப் பிடிக்கும் காட்சியை எடுத்த அன்று, விழ வேண்டியவருக்குக் கால் சுளுக்கிக்கொண்டது. வேறு ஆள் இல்லை. தராசையே பெட்டி மேல் ஏற்றி விட்டார்கள். அவனுக்கு உயரம் என்றால் உதறல். கண்ணை மூடிக்கொண்டு மரக்கட்டை மாதிரி சாய்ந்தான். பிடித்துவிட்டாள். இரண்டு பேரும் ஆடி, நின்றார்கள். முதுகில் கையை வைத்துக் குனிந்து முகத்தைப் பார்த்தாள். சரியா இருக்கியா என்று கேட்கிற பார்வை. அது எழுதிக்கொடுத்ததில் இல்லை. இயக்குநர் அப்படியே வைத்துக்கொண்டார்.

இதெல்லாம் அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் இயக்குநர் மேசையைப் பார்த்தார்.

மாமனார் அடுத்த தெருவில் இருந்தார். பேருந்து பழுது பார்க்கும் பணிமனையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். தினமும் மாலையில் நடந்து வருவார். மின்விசிறிக்கு நேரே இருக்கும் நாற்காலியில் உட்காருவார். அவருக்கும் மருமகனுக்கும் பேச ஒரு விஷயம்தான் மிச்சமிருந்தது.

"எப்ப மாப்ளே காட்டுவ?"

"வெள்ளிக்கிழமை டெமோ முடியட்டும், மாமா. கேட்டு வாங்கிட்டு வர்றேன்."

"அவ வருவால்ல?"

"முகம் அவளுது இல்ல மாமா. சொன்னேன்ல."

"முகம் எனக்கு எதுக்கு? முகம் போட்டோல இருக்கு. நடைதான் எங்கயும் இல்ல. போன்ல இருக்கிற வீடியோவெல்லாம் அவ எடுத்தது. நீ இருக்க, நான் இருக்கேன், அவ குரல் மட்டும் கேக்குது." கொஞ்ச நேரம் விசிறியைப் பார்த்தார். "சின்ன வயசுல ஸ்கூல்லேருந்து வர்றப்ப, தெருமுனையில முகம் தெரியறதுக்கு முன்னாடியே நடைய வச்சுச் சொல்லிடுவேன், எம் பொண்ணுதான்னு."

பிடிக்கும் காட்சியே போய்விடக்கூடும் என்பதை அவன் சொல்லவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டார். சாப்பிட்டேன் என்றான். இருவருக்கும் அது பொய் என்று தெரியும். எழுந்து போனார்.

வியாழக்கிழமை மதியம் நொட்டை அக்கா அவன் மேசைக்கு வந்தாள். வரும்போதே எதையாவது சொல்லிக்கொண்டு வருகிறவள். அன்று மடிக்கணினியும் காபிக் கோப்பையுமாகப் பேசாமல் வந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"பழைய பதிப்பெல்லாம் ஒவ்வொண்ணா ஓட்டிப் பாத்தேன், தராசு. முன்னாடியெல்லாம் ஜம்முனு பிடிச்சிருக்கா. நடுவுல ஒரு நாள்லேருந்துதான் விழறா. அந்தக் காட்சிய அப்புறம் இந்த வாரம் வரைக்கும் யாரும் ஓட்டிப் பாக்கல, அதான் இத்தன நாள் தெரியல."

"யாரு மாத்தினது?"

"நீதான். ஒரே ஒரு கோப்பு." அவள் குரல் இறங்கியது. "ஆபீஸ்லேருந்து இல்ல. வெளியிலேருந்து அனுப்பியிருக்க."

அவன் நாயகியின் கோப்பைத் திறந்தான். காலணிப் பிடிமானம், கை நீளம், தோள் அகலம். இந்த வாரத்தில் பல முறை திறந்திருக்கிறான். ஒரே ஒரு வரியை மட்டும் அவன் பார்த்ததில்லை. முதல் நாள் அவனே நிறுத்துப் போட்ட எண்ணை எதற்குப் பார்க்க வேண்டும்?

எடை: 38.

மருத்துவமனைத் தாழ்வாரம் நினைவுக்கு வந்தது. மடியில் கணினி. "இங்க உக்காந்து என் மூஞ்சியப் பாத்து என்ன ஆகப் போகுது? சக்களத்தியக் கவனி, போ" என்று அவள்தான் துரத்தியிருந்தாள். காலணிப் பிடிமானத்தைத் திருத்துவதற்காக இதே கோப்பைத் திறந்து வைத்திருந்தான். மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது என்பதால் தினமும் காலையில் நிறுப்பார்கள். அறைக்குள்ளிருந்து நர்ஸ் எட்டிப் பார்த்து, "முப்பத்தெட்டு சார்" என்றாள். குறித்துக்கொள்ள வேண்டியது அவன் பொறுப்பு. கண்ணெதிரே எடை என்று ஒரு கட்டம் இருந்தது. கை அதில் போட்டுவிட்டது.

அதன் பிறகு ஒரு நாள் இயக்குநர் பாராட்டியதும் நினைவுக்கு வந்தது. "நாயகி இப்ப என்னமா தாவுறா! லேசாயிட்டா. என்ன பண்ணின?" ஒன்றும் செய்யவில்லை என்றான். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தான்.

"ஒரு தடவ ஓட்டவா?" என்று கேட்டான். அக்கா தலையசைத்தாள்.

மாற்றாமலே ஓட்டினான். பாலத்திலிருந்து அவன் விழுந்தான். மரக்கட்டை மாதிரி, கண்ணை மூடிக்கொண்டு. கீழே அவள் கைகளை நீட்டினாள். முழங்கால் மடங்கியது. பிடித்துவிட்டாள். பாதம் சறுக்கியது. கம்பியில் இடுப்பு மோதியது. அப்போதும் கை இறுகியதே தவிர விடவில்லை. இருவரும் போனார்கள்.

இதுவரை எத்தனையோ முறை பார்த்ததுதான். பிழையைத் தேடிக்கொண்டு பார்த்தது. இப்போதுதான் அவளைப் பார்த்தான். அவள் எதையும் தவறாகச் செய்யவில்லை. அந்த உடம்பை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும், முழுசாக அவனைப் பிடித்திருக்கிறாள்.

கடைசி வாரங்களில் படுக்கையிலிருந்து குளியலறைக்கு அவளைத் தூக்கிக்கொண்டு போவான். அப்போதும் அவள் கை அவன் முதுகில்தான் இருக்கும். "மெதுவா. இடுப்பு பிடிச்சுக்கப் போகுது" என்பாள். யார் யாரைத் தாங்கினார்கள் என்று அவனுக்கு இப்போது சொல்லத் தெரியவில்லை.

விசைப்பலகையில் கையை வைத்தான். மருத்துவமனையில் அவள் உடம்பில் ஒரு கிலோ ஏற்ற எல்லோரும் படாத பாடு பட்டிருந்தார்கள். குழாய் வழியாக, ஊசி வழியாக, கெஞ்சி, மிரட்டி. ஒரு வாரம் அரைக் கிலோ ஏறியதற்கு மாமனார் வார்டு முழுக்கச் சொல்லிக்கொண்டு போனார். மறு வாரம் அதுவும் இறங்கியது. இங்கே இரண்டு எண்களை அழித்து இரண்டு எண்களைப் போட்டால் போதும்.

போட்டான். 54.

ஓட்டினான். விழுந்தான். பிடித்தாள். ஆடினார்கள், நின்றார்கள். முதுகில் உள்ளங்கை வந்தது. குனிந்து பார்த்தாள்.

நொட்டை அக்கா மூக்கை உறிஞ்சினாள். புகாரை முடித்துவைக்கத் தன் கணினியை இழுத்து, தட்டச்சு செய்தபடியே வாய்விட்டுப் படித்தாள். "தவறான எடை. சரிசெய்யப்பட்டது."

"தவறில்ல, அக்கா" என்றான். "அன்னைக்கு அது சரியான எடைதான்."

அவள் அவனைப் பார்த்தாள். பிறகு எழுதியதை அழித்து, 'எடை மாற்றப்பட்டது' என்று மட்டும் போட்டாள். கோப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தவள், போகிற போக்கில் அவன் தலையில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனாள்.

டெமோ நன்றாகவே நடந்தது. நாயகி முன்னைப்போல உயரமாகத் தாவவில்லையே என்று இயக்குநருக்குச் சின்ன வருத்தம். வந்தவர்களில் ஒருவர் முதுகில் கைவைக்கும் இடத்தைத் திரும்பப் போடச் சொல்லிப் பார்த்தார். காட்சியைத் தூக்கவில்லை. வெளிச்சம் தேவைப்படவில்லை. ஒரு பிரதியை வீட்டுக்குக் கொண்டுபோகலாமா என்று தராசு கேட்டபோது, இயக்குநர் விதிமுறை எதுவும் பேசவில்லை.

மாமனார் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். கன்ட்ரோலரை ஸ்டியரிங் போலப் பிடித்தார்.

"எதை அமுக்கணும்?"

"நடக்கிறதுக்கு இது. பிடிக்கிறதுக்கு இது."

நாயகி நடந்தாள். குறுக்கே போனாள், சுவரில் முட்டினாள், திரும்பினாள். மாமனார் எங்கேயும் போக அவசரப்படவில்லை. தொங்கும் நகரம் எரிந்துகொண்டிருந்தது. அவர் அவளைச் சும்மா ஒரு நடைபாதையில் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடக்கவைத்துக்கொண்டிருந்தார்.

"அவதான்" என்றார். "வலது கால கொஞ்சம் வீசுவா. பாரு. அவதான்."

பிறகு விளிம்புக்கு வந்தாள். மேலிருந்து அவன் விழுந்தான். மாமனாருக்குப் பொத்தான் அகப்படவில்லை. கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு அவள் நிற்க, எதிரிலேயே அவன் மேகத்துக்குள் போய் மறைந்தான்.

"ஐயய்யோ! போயிட்டானே!"

"பரவால்ல மாமா. திரும்ப வருவான்."

சொன்ன பிறகுதான் இருவருக்கும் அது காதில் விழுந்தது. மின்விசிறி சுற்றியது.

இரண்டாம் முறை மாமனார் சரியாக அமுக்கிவிட்டார். அவள் பிடித்தாள். ஆடி, நின்று, முதுகில் கைவைத்து, குனிந்து பார்த்தாள். மாமனார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்ப மாட்டிக்கொண்டு திரைக்குக் கிட்டே போய்ப் பார்த்தார்.

"இவன் யாரு, இப்படிக் கட்டை மாதிரி விழறான்?"

"நான்தான், மாமா."

கிழவர் திரும்பி அவனைப் பார்த்தார். தோள், கை, தொளதொளவென்று தொங்கும் சட்டை, எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்தார். அவன் எவ்வளவு இளைத்திருக்கிறான் என்பதை அப்போதுதான் கவனித்தவர் போல. கன்ட்ரோலரை அவன் மடியில் வைத்தார்.

"நீயே அமுக்கு. இன்னொரு தடவ விழு, மாப்ளே."

விழுந்தான். அவள் பிடித்தாள்.

"இன்னொரு தடவ."