மாசோ எழுந்து நின்ற எழுபதாம் நிமிடம்

1

இந்தக் கதை நான் எழுதிய ஒரு பொய்யிலிருந்து வந்தது. பிரான்சின் பிரெத்தாஞில், எங்கள் ஊர்க் கால்பந்து மைதானத்தில், ஆட்ட நாள்களில் சாசேஜை உள்ளே வைத்துச் சுற்றிய கேலட் என்ற தோசை விற்பவன் நான். கிளப் மலருக்காகப் பயிற்சியாளர் எர்வான் த்ரெகேரைப் பற்றி 'மன்னிப்புக் கேட்ட மனிதர்' என்று அரைப்பக்கம் எழுதிக் கொடுத்தேன். எல்லோருக்கும் பிடித்துவிட்டது. அவர் யாரிடமும் மன்னிப்புக் கேட்டதே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

2

முதல் தொடக்கம்: 'நடுக்களத்தில் த்ரெகேரின் கால்கள் பந்தைப் பார்க்காமலே...' (வேண்டாம். அவர் ஆடி நான் பார்த்ததில்லை.)

நடந்ததையே சொல்கிறேன். பதினாறு ஆண்டுகள் நடுக்களத்தில் ஆடியவரை ஊர் நினைவில் வைத்திருப்பது ஒரே ஓர் அடிக்காக. தொண்ணூற்றெட்டில், எதிரணியின் பத்தாம் எண் பிலிபேர் மாசோ பந்தோடு வர, த்ரெகேர் சறுக்கிப் பாய்ந்தார். மாசோவின் கால் எலும்பு இரண்டாக முறிந்தது. அப்போது மாசோவுக்கு வயது இருபத்து மூன்று. பிறகு அவர் ஆடவே இல்லை; தபால் நிலையத்தில் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்து அடுக்கும் வேலைக்குப் போனார்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஐந்தாம் பிரிவு அணிக்குப் பயிற்சியாளராக வந்த த்ரெகேர், அதே மாசோவைத் தேடிப் போய் உதவியாளராகக் கூட்டிவந்தார்.

3

ஏன் வந்தீர்கள் என்று மாசோவிடம் கேட்டேன்.

"எர்வான் எல்லார்கிட்டயும் கத்துவான். என்கிட்ட மட்டும் அவனால கத்த முடியாது. அப்படி ஒரு ஆள் பக்கத்துல வேணும்னு அவனுக்கே தெரிஞ்சிருக்கு."

மன்னித்துவிட்டீர்களா என்றேன். கேலட்டில் கடுகு விழுது இன்னும் கொஞ்சம் போடச் சொன்னார்.

(இந்த மாசோவை நான் நம்பவில்லை. ஒரு வரைவில் அவருக்குக் கோபம் கொடுத்துப் பார்த்தேன்: கதவை உதைக்கிறார், நாற்காலியை... அந்த வரிகளை அடித்துவிட்டேன். அவர் அப்படிப்பட்ட ஆள் இல்லை.)

4

இரண்டு வாரங்களுக்கு முன் பருவத்தின் கடைசி ஆட்டம். சமன் செய்தாலே கீழ்ப் பிரிவுக்கு இறங்காமல் தப்பிப்போம். எழுபதாம் நிமிடம் வரை யாரும் கோல் போடவில்லை. ஆனால் எதிரணியின் பத்தாம் எண்காரன் எங்களை ஓட ஓட விரட்டிக்கொண்டிருந்தான். த்ரெகேர் எங்கள் நடுக்கள ஆட்டக்காரன் மலோவைக் கோட்டருகே கூப்பிட்டார். என் அடுப்பு அவர்களுக்குச் சற்றுப் பின்னால்தான் இருந்தது.

"அவன் விழுந்தா திரும்ப எழுந்திரிக்கக் கூடாது. புரியுதா?"

மாசோ இருக்கையை விட்டு எழுந்தார். குரலை உயர்த்தவில்லை.

"உன் கோச்சும் உன்கிட்ட இப்படித்தான் சொன்னாரா, எர்வான்?"

த்ரெகேர் அவர் பக்கம் திரும்பவில்லை. மலோ இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"இதே வார்த்தைதான்," என்றார் த்ரெகேர். பிறகு மலோவிடம், "நான் சொன்னத விட்டுடு. பந்த மட்டும் பாரு."

எண்பத்தாறாம் நிமிடத்தில் அந்தப் பத்தாம் எண்காரனே கோல் அடித்தான். நாங்கள் கீழ்ப் பிரிவுக்கு இறங்கினோம். மறுநாள் கிளப் தலைவர் த்ரெகேரை நீக்கினார்.*

* மலோ இன்னும் கொதித்துக்கொண்டிருக்கிறான். ஒரு தட்டு தட்டியிருந்தால் தப்பித்திருக்கலாம் என்கிறான். ஊரில் பாதிப்பேர் அவன் பக்கம். சில நாள் நானும்.

5

முடிவு ஒன்று: இருவரும் கட்டிக்கொள்கிறார்கள். (யார் பார்த்தது?)

முடிவு இரண்டு: மாசோ ஊரைவிட்டு... இல்லை, இதுவும் பொய்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். தலைமைப் பயிற்சியாளர் இடத்தைக் கிளப் மாசோவுக்கே கொடுக்க முன்வந்தது. அவர் திங்கள்வரை அவகாசம் கேட்டார். நேற்று த்ரெகேரின் வீட்டுக்குப் போய்விட்டு, நேராக என்னிடம் வந்தார்.

"ஏத்துக்கோங்கறான். அவன உதவியாளா வச்சுக்கணுமாம்."

அதற்கு என்ன சொன்னீர்கள் என்றேன்.

"ஒண்ணும் சொல்லல. இத்தன வருஷம் அவன் பக்கத்துல உக்காந்தாச்சு. அவன் என் பக்கத்துல உக்காந்தா நானும் கத்துவேனோன்னு பயமா இருக்கு. நீங்களா இருந்தா என்ன செய்வீங்க?"

நான் ஒரு பதில் சொன்னேன். அதை இங்கே எழுதப் போவதில்லை. ஏற்கெனவே ஒருமுறை அவர்களுக்காக முடிவெழுதித் தப்புச் செய்தவன் நான். நீங்கள் சொல்லுங்கள். இன்று ஞாயிற்றுக்கிழமை.