பாலத்தின் எந்தப் பாதி

"தலையைத் தாங்குடா, தொங்குது பாரு," என்றாள் கொரின்.

தம்பி கேலன் போர்வையின் மேல்முனைகளைச் சுருட்டி இறுக்கிக்கொண்டான். போர்வைக்குள் அவர்களுடைய அப்பா வெர்லின் இருந்தார். ஊரிலிருந்த அறுவடை யந்திரங்களையெல்லாம் பழுது பார்த்தே முதுகு வளைந்துபோனவர். படுக்க வைத்தால் மூச்சு அடைத்தது. பிக்கப் வண்டியின் பின்சீட்டில் சாய்த்து உட்கார வைத்து, இரண்டு பக்கமும் தலையணைகளைத் திணித்தார்கள்.

"சாகப்போறவன... ஊர்கோலம்... கூட்டிட்டுப் போறீங்களா?" என்றார்.

"பேசாம வாங்கப்பா," என்றான் கேலன்.

இதயம் தளர்ந்து, நெஞ்சில் நீர் கோத்திருந்தது. ஊர் கிளினிக்கை இழுத்து மூடியதிலிருந்து, மிசூரி ஆற்றின் எதிர்க்கரையில் இருந்த இவெட்தான் அவரைப் பார்த்து வந்தாள். டாக்டர் இல்லை, டாக்டருக்குக் கீழே இருந்து வைத்தியம் பார்க்கவும் மருந்து எழுதவும் உரிமம் பெற்றவள். அந்த உரிமம் அக்கரை மாநிலமான அயோவாவுக்கு மட்டும். வெர்லினின் வீடு இக்கரையில், நெப்ராஸ்கா மாநிலத்தில். அவர் வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் இவெட்டின் கிளினிக் கூரை தெரியும்.

காலையில் கொரின் போன் செய்தபோது இவெட் முதலில் கேட்டது, "அப்பா இப்ப எங்க இருக்காரு?"

"வீட்லதான். எந்திரிக்க முடியல."



"அங்க இருக்கறவருக்கு நான் போன்லகூட எதுவும் சொல்லக்கூடாது கொரின். வந்தா லைசென்ஸைப் புடுங்கிடுவாங்க. ஆம்புலன்ஸைக் கூப்பிடு."

"அதுல ஏத்தினா பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோவாங்க. திரும்பவும் தொண்டையில குழாய் போடுவாங்க. அது வேண்டாம்னு கையெழுத்தே போட்டுட்டாரு. வீட்டுக்கு வர்ற நர்ஸு அடுத்த வாரம்தான் வருவாளாம்."

இவெட் குரலைத் தாழ்த்தினாள். "பாலம் தாண்டினதும் பெட்ரோல் பங்க் இருக்குல்ல?"

அவர்கள் பாலம் தாண்டிப் போனபோது இவெட் அங்கே ஐஸ் பெட்டியருகே பையை அணைத்தபடி நின்றிருந்தாள். அப்பாவின் மூச்சுத்திணறலுக்கு மருந்து வாங்க, திருட்டுச் சாராயம் வாங்க வந்தவர்களைப்போல ஒதுங்கி வண்டி நிறுத்த வேண்டியிருந்தது.

"எங்க டாக்டர்கிட்ட கேட்டுட்டேன். சரின்னுட்டாரு," என்றாள் இவெட். வண்டிக்குள் மண்டியிட்டு, நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டாள். நீர் பிரிய ஓர் ஊசி, திணறல் அடங்கக் கொஞ்சம் மார்ஃபின். பெட்ரோல் போட்டுக்கொண்டிருந்த ஒருவன் சாஸேஜைக் கடித்தபடி வேடிக்கை பார்த்தான்.

சிறிது நேரத்தில் வெர்லினின் தோள்கள் இறங்கின. கண்ணைத் திறந்தார்.

"தினம் பன்னி லாரி இந்தப் பாலத்தைத் தாண்டிப் போவுது. அதையெல்லாம் யாரும் நிறுத்தறதில்ல," என்றார். "உன்னை மட்டும் என் வீட்டுச் சமையக்கட்டுக்கு விடமாட்டேங்கறானுங்க."

"நான் பன்னியாப் பொறந்திருக்கணும்," என்றாள் இவெட்.

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை, அவர் முழங்காலில் கை வைத்து அப்படியே இருந்தாள்.

"வீட்டுக்குப் போலாம்," என்றார் வெர்லின்.

பாலத்தின் மேல் ஏறியபோது பேசிக்கொண்டுதான் வந்தார். பிறகு பேச்சு நின்றது. கொரின் அவர் கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தாள். "கேலன், நிறுத்து," என்றாள்.

கேலன் போன் செய்ததும் இரண்டு கரைகளிலிருந்தும் போலீஸ் வந்தது. அயோவாக்காரன் இளைஞன், நெப்ராஸ்காக்காரன் நரைத்தவன். இருவரும் தொப்பியைக் கழற்றினார்கள், பிறகு மாட்டிக்கொண்டார்கள்.

"வண்டி நிக்கறது உங்க பக்கம்," என்றான் இளைஞன்.

"நிக்கற இடம் கணக்கில்ல தம்பி. செத்த இடந்தான் கணக்கு."

"எந்த இடத்துல மூச்சு நின்னுதும்மா? எல்லையில இருக்கற அந்த விளக்குக் கம்பத்துக்கு முன்னாலயா, பின்னாலயா?" என்று கொரினிடம் கேட்டான் நரைத்தவன்.

"வீட்டுக்குப் போயிட்டிருந்தாரு," என்றாள் கொரின்.

"அது பதில் இல்லையேம்மா. எந்தப் பக்கம்னு தெரியாம நாங்க ஆளை எடுக்க முடியாது."

"அப்ப எடுக்காதீங்க."

"கோவப்படாதீங்க. சட்டம் அப்படி இருக்கு. அவரு கையில பஞ்சு ஒட்டியிருக்கே, யாரு ஊசி போட்டது?"

"போடவேண்டியவங்க போட்டாங்க. போடக்கூடிய எடத்துல."

நரைத்தவன் யாரோ மேலதிகாரிக்குப் போன் செய்தான். இளைஞன் சூயிங்கம்மை மென்றபடி கைப்பிடிச் சுவரை ஒட்டி நடந்து, கம்பத்துக்கும் வண்டிக்கும் இடையே தூரம் பார்த்தான். கேலன் போய் அவன் சட்டையைப் பிடித்துவிடுவான் போலிருந்தது. "வேணாம்டா," என்றாள் கொரின்.

பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள். கண்ணாடியையும் ஏற்றினாள். வெளியே அவர்களுடைய வாய்கள் மட்டும் அசைந்தன. அப்பாவின் சட்டையில் ஒரு பொத்தான் ஓட்டை மாறியிருந்தது. கீழே வரை எல்லாமே கோணல். எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டு, கழுத்திலிருந்து ஒவ்வொன்றாகப் போடத் தொடங்கினாள்.