விடுபட்ட பன்னிரண்டாம் குறிப்பு

1

இந்தக் கதை என் அகம்பாவத்தில் தொடங்கியது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

கள்ளக்குறிச்சியில் உட்கார்ந்துகொண்டு, கடையில் வாங்கும் பொருட்களோடு வருகிற செய்முறைத் தாள்களை நான் தமிழில் எழுதுகிறேன். மிக்ஸி, தண்ணீர் மோட்டார், கொசு அடிக்கும் பேட். யாரும் படிக்கமாட்டார்கள் என்று எழுதுகிறவளுக்கும் அச்சிடுகிறவருக்கும் தெரிந்தே நடக்கிற எழுத்து. சென்ற ஆண்டு ஒரு கேஸ் கிரில்லுக்குத் தாள் எழுதினேன். திறந்த வெளியில் வைத்துக் கோழியும் மீனும் சுடுகிற, மூடி போட்ட, மூன்று பர்னர் வைத்த பெரிய அடுப்பு. தாளின் கடைசி வரியில் 'தமிழில்' என்று போட்டு என் பெயரும் கைபேசி எண்ணும் வர வேண்டும் என்று விற்பனையாளரிடம் அடம்பிடித்தேன். அவர் சிரித்துவிட்டுச் சம்மதித்தார்.

அந்த எண்ணுக்கு இதுவரை ஒரே ஒரு அழைப்பு வந்திருக்கிறது. ஐப்பசி மாதம், ஒரு சனிக்கிழமை, மாலை ஐந்தேகால் மணி.

2

தொடக்கங்கள்.

"கல்வராயன் மலையின் மீது மேகங்கள் இறங்கிக்கொண்டிருந்த அந்த—" இல்லை. அன்று மேகம் இறங்கவில்லை. எங்கோ ஏறி நின்று பயமுறுத்திக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

"தீ என்பது—" தீ என்பது என்ன என்று எனக்குத் தெரிந்திருந்தால் இந்தக் கதையே நடந்திருக்காது.

"செந்தமிழ்ச்செல்வி தாளை நான்காவது முறையாக விரல் வைத்துப் படித்தாள்."

இது இருக்கட்டும். இதிலிருந்து போகலாம். (அவள் சொன்னதைக் கேட்டுத்தான் எழுதுகிறேன். அடுத்த ஞாயிறன்று கல்வராயன் மலைமேல் இருக்கிற வெள்ளிமலைக்கே போய், அந்த அடுப்பின் எதிரில் உட்கார்ந்து கேட்டேன். அவள் மனதில் என்ன ஓடியது என்று நான் எழுதுகிற இடங்களில் பாதி அவள் சொன்னது, மீதி என் துணிச்சல்.)

3

செந்தமிழ்ச்செல்வி தாளை நான்காவது முறையாக விரல் வைத்துப் படித்தாள். வயது முப்பத்து நான்கு. எட்டாவது வரை படித்தவள். வீட்டில் சாமையும் மரவள்ளியும் பயிரிடுகிறார்கள். வெள்ளிமலைக்குப் பக்கத்தில் திருக்கோவிலூர் சிவசங்கர் நடத்துகிற தங்கும் விடுதியில், மூன்று குடில்களுக்கும் சமையல் அவள்தான். கோடையில் அந்த அடுப்பு பெட்டியில் வந்து இறங்கியபோது விடுதியில் எல்லாரும் அதைச் சுற்றி நின்று செல்ஃபி எடுத்தார்கள். பெட்டியின் அடியில் கிடந்த தாளை எடுத்தவள் அவள் ஒருத்திதான்.

அன்றிலிருந்து அந்தத் தாள் சொல்வதை அவள் வரி பிசகாமல் செய்துவந்தாள். சமதரை. சுவர், கூரை, மரம் எதுவும் பத்தடிக்குள் கூடாது. சிலிண்டர் நிமிர்ந்து நிற்க வேண்டும், அடுப்புக்கு அடியில் கூடாது. ரப்பர் குழாய் சூடான இடத்தைத் தொடக்கூடாது. பிறகு சோப்புத் தண்ணீர்.

(சோப்புத் தண்ணீரைப் பற்றி அவள் பேசியபோது குரல் தாழ்ந்தது. அடுப்பைத் திருகுகிற குமிழ்களையெல்லாம் மூடி, சிலிண்டரை மட்டும் திறந்து, இணைப்புகளில் சோப்பு நுரையைத் தடவ வேண்டும். முதல் நாளே ரெகுலேட்டருக்குப் பக்கத்தில் பாசிப்பயறு அளவுக்கு ஒரு நுரை முட்டை எழும்பியது. வெடித்தது. மறுபடி எழும்பியது. "ஒண்ணுமே இல்லாத எடத்துலேர்ந்து மூச்சு வுட்டுக்கினு இருந்திச்சி மேடம். கண்ணுக்குத் தெரியாதது அங்க நிக்குதுன்னு அப்பதான் தெரிஞ்சிது." சிலிண்டரை மூடி, வாஷரை மாற்றி, மறுபடி நுரை தடவி, முட்டை வராததைப் பார்த்த பிறகுதான் அன்று அடுப்பை மூட்டியிருக்கிறாள். நுரை தடவச் சொல்லும் அந்த வாக்கியத்தை எழுதியது நான். நான் ஒரு நாளும் என் வீட்டு சிலிண்டருக்கு அதைச் செய்ததில்லை.)

மழைக்காலம் வந்தது. அடுப்பை உறை போட்டுச் சாமான் கொட்டகையில் தள்ளினார்கள். நான்கு மாதம் யாரும் தொடவில்லை. ஐப்பசியில் மழை சற்று விட்டபோது முதல் விருந்தினர்கள் வந்தார்கள். எலவனாசூர்கோட்டையிலிருந்து ஒரு குடும்பம், சிறியவர் பெரியவர் சேர்த்துப் பதினைந்து பேர். தலைவர் பெயர் கொளஞ்சியப்பன்.

4

கொளஞ்சியப்பனைப் பற்றி எனக்குச் சந்தேகம் இருக்கிறது.

முதல் பிரதியில் அவரைக் கெட்டவராக எழுதினேன். கதைக்கு அது வசதி. அவசரப்படுகிற ஒருவர், கையில் லைட்டர், பெரிய குரல். உண்மையிலேயே குரல் பெரியதுதான். ஆனால் பின்னால் அவர் செய்த ஒரு காரியம் அந்தப் பிரதியில் உட்கார மறுத்தது. கிழித்துப்போட்டேன்.

நடந்ததைச் சொல்கிறேன்.

மழை வரும் என்று பயந்து சிவசங்கர் அடுப்பைக் கீற்றுக் கொட்டகைக்குள் வைக்கச் சொல்லியிருந்தார். செல்வி அதை வெளியே தள்ளிக்கொண்டு வந்தாள்.

"இன்னா செல்வி, வானத்தப் பாத்தியா? மழ வந்தா இன்னா பண்றது?"

"மழ வந்தா நிறுத்திடலாம் சார். கீத்துக்குக் கீழ வேணாம்."

"நாலு மாசம் கழிச்சு மொத மொத வந்திருக்காங்க. சாப்பாடு லேட்டானா மறுபடி வருவாங்களா?"

அவள் நுரை தடவினாள். முட்டை எழவில்லை. மூடியைத் திறந்து வைத்தாள். மூடி மூடியிருக்கும்போது பற்றவைத்தால் உள்ளே தேங்கிய வாயு மொத்தமாகப் பற்றும் என்று தாளில் இருந்தது. அடுப்புக்கு மேல் குனியாமல் பக்கவாட்டில் நின்றாள். முதல் குமிழ். டிக். நீலம். இரண்டாவது. டிக். நீலம். மூன்றாவது.

டிக். டிக். டிக்.

ஐந்து எண்ணினாள். எல்லாவற்றையும் அணைத்தாள். மூடி திறந்தபடியே ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். கொளஞ்சியப்பன் எழுந்து வந்தார்.

"தள்ளும்மா, நான் பத்த வெக்கிறேன். மூடியப் போட்டு கேஸ ஜாஸ்தியா வுடு, லைட்டர காட்டுனா குப்புன்னு புடிச்சிக்கும்."

"வேணாங்க. நீங்க அப்பிடியே தள்ளி நில்லுங்க. புள்ளைங்களையும் கூட்டிக்கினு போங்க."

"எங்க வூட்ல இருவது வருசமா கேஸ் அடுப்புதான். எனக்கே சொல்றியா?"

"ஆமாங்க."

அந்த 'ஆமாங்க'வைச் சொல்லிவிட்டு அவள் குமிழ்களின் பக்கத்திலேயே நின்றாள். சிவசங்கர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இந்த வேலை போனால் கச்சிராயபாளையத்துக்கு இறங்கித்தான் வேறு வேலை தேட வேண்டும். அதுவும் அந்த ஐந்து நிமிடத்துக்குள் அவள் மனதில் ஓடியது.

ஐந்து நிமிடம் முடிந்தது. மறுபடியும் மூன்றாவது குமிழை மட்டும் திருகினாள். டிக். பிடித்தது. ஆனால் நீலமாக இல்லை. மஞ்சளாக, சோம்பலாக, அசைந்து அசைந்து எரிந்தது. சத்தம் வேறாக இருந்தது. பிறகு குமிழுக்கு அடியிலிருந்து, தீ வரவே கூடாத இடத்திலிருந்து, ஒரு நாக்கு வெளியே நீண்டது.

அவள் சிலிண்டரை மூடினாள். நாக்கு உள்ளே போய் மறைந்தது. மணிக்கட்டு மயிர் பொசுங்கிய வாசனை வந்தது. அடுப்பின் முன்னால் குனிந்து நின்றிருந்தால் அந்த நாக்கு எங்கே பட்டிருக்கும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. கொளஞ்சியப்பன் லைட்டரைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

செல்வி தாளை எடுத்தாள். விரல் வைத்துக் குறிப்புகளை முதலிலிருந்து எண்ணினாள்.

5

"ஹலோ, மேடம், இந்தத் தாளு நீங்க எழுதுனதுங்களா?"

ஆமாம் என்றேன். பாராட்டப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

"பதினொண்ணுக்கு அப்புறம் பதிமூணு வருதுங்க. பன்னண்டு எங்க?"

எனக்குப் புரியவில்லை. கேட்டுக் கேட்டுத்தான் மலையில் என்ன நடந்தது என்று தெரிந்துகொண்டேன். மடிக்கணினியைத் திறந்து பழைய கோப்பைத் தேடினேன். கைபேசியில் அவள் மூச்சு கேட்டுக்கொண்டிருந்தது.

ஆங்கில மூலத்தில் பன்னிரண்டாவது குறிப்பு இருந்தது. அதை எழுதாமல் விட்டவள் நான். தாள் இரண்டு பக்கத்துக்கு மேல் போகக்கூடாது என்றார்கள். ஒரு குறிப்பைக் குறைக்க வேண்டியிருந்தது. இருப்பதிலேயே வேடிக்கையாகப் பட்டதை எடுத்துவிட்டேன். எண்களை மாற்றி எழுத மறந்தேன். (இந்தக் கதையின் எண்களை மூன்று முறை சரிபார்த்துவிட்டேன்.)

இப்போது அதை வாயாலேயே தமிழாக்கினேன். அகராதி பார்க்கவில்லை. நடையைப் பற்றி யோசிக்கவில்லை.

"பர்னர் குழாய்க்குள்ள சிலந்தி கூடு கட்டும். ரொம்ப நாள் உபயோகிக்காம வெச்சிருந்து எடுத்தா, ஒவ்வொரு தடவையும் குழாயைக் கழட்டி சுத்தம் பண்ணணும். கூடு அடைச்சிருந்தா கேஸ் முன்னால போக முடியாம பின்னால திரும்பி, குமிழுக்கு அடியில தீப்பிடிக்கும்."

"சிலந்திங்களா?"

"ஆமா."

"அத ஏன் மேடம் வுட்டுட்டீங்க?"

இந்த இடத்தில் நான் என்ன பதில் சொன்னேன் என்பதை நான்கு விதமாக எழுதிப் பார்த்தேன். நான்கிலும் நான் நல்லவளாக இருந்தேன். உண்மையில் சொன்னது இதுதான்: "சொன்னா சிரிப்பாங்கன்னு நெனச்சேன்மா."

"நாங்க சிரிக்க மாட்டோம் மேடம்," என்றாள் செல்வி. "சிலந்தி எத வேணா பண்ணும்."

6

அடுப்பு முழுவதுமாக ஆறட்டும், சிலிண்டர் இணைப்பைக் கழற்றிவிடு என்று சொன்னேன். அதை ஏற்கெனவே செய்துவிட்டிருந்தாள்.

அரை மணி கழித்துக் கம்பித் தட்டுகளை எடுத்து, திருகாணியைக் கழற்றி, மூன்றாவது குழாயை வெளியே உருவினாள். வெளிச்சம் குறைந்துகொண்டு வந்தது. யாரோ கைபேசி டார்ச்சை அடித்து அவளுக்குப் பக்கத்தில் மண்டியிட்டார்கள். திரும்பிப் பார்த்தாள். கொளஞ்சியப்பன். வெள்ளை வேட்டி ஈரமண்ணில் பதிந்திருந்தது. (இந்தக் காரியம்தான் என் முதல் பிரதியைக் கிழிக்க வைத்தது.)

"உள்ள எதாச்சும் தெரியுதாம்மா?"

"இருங்க."

துடைப்பத்திலிருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவிக் குழாய்க்குள் விட்டு மெல்லச் சுழற்றினாள். தடுத்தது. இழுத்தாள். வெள்ளையாக, பஞ்சு போல, விரல் நுனி அளவுக்கு ஒரு உருண்டை வந்தது. அதன் பின்னாலேயே, எள்ளை விடச் சற்றே பெரிதாக, பழுப்பு நிறத்தில் ஒன்று வெளியே நடந்து வந்து அவள் கட்டைவிரல் மேல் ஏறி நின்றது.

பதினைந்து பேரும் கிட்டே வந்துவிட்டார்கள்.

செல்வி எனக்கு அதைக் கையை நீட்டிக் காட்டினாள், இப்போதும் அங்கே நிற்பது போல. சிலிண்டருக்குள் அத்தனை கேஸ் நெருக்கிக்கொண்டு இருக்கிறது. ஒரு பொட்டு தீ காட்டினால் போதும், கொட்டகையையே தூக்கிவிடும். அதை இந்தப் பூச்சி இருட்டுக்குள் உட்கார்ந்து, தன் வயிற்றிலிருந்து எடுத்த நூலால் தடுத்துத் திருப்பி அனுப்பியிருக்கிறது. அதற்குத் தீயும் தெரியாது, கேஸும் தெரியாது. முட்டை போட ஓர் ஒடுக்கமான இடம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

"கும்புடலாம்னு தோணிச்சி மேடம்," என்றாள். "பயத்துல இல்ல. இன்னான்னு சொல்லத் தெரில."

எனக்கும் தெரியவில்லை. அந்த வாக்கியத்துக்குப் பக்கத்தில் நான் ஒரு உவமை எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன்.

சிலந்தியை வேலிச்செடியில் விட்டாள். மற்ற இரண்டு குழாய்களையும் கழற்றிப் பார்த்தாள். ஒன்றில் நூல் இழுக்கத் தொடங்கியிருந்தது. துடைத்து, மாட்டி, மறுபடி நுரை தடவினாள். சிவசங்கர் இந்த முறை எதுவும் கேட்கவில்லை. அவரே பத்தடி அளந்து பிள்ளைகளை நிறுத்தினார்.

டிக். டிக். டிக். மூன்று வரிசையும் நீலமாக, ஒரே உயரத்தில், மெல்லிய இரைச்சலோடு எழுந்தன. கொளஞ்சியப்பனின் வாய் திறந்தபடியே இருந்தது.

7

இங்கே முடித்திருக்கலாம். கோழி வெந்தது, எல்லாரும் சாப்பிட்டார்கள், செல்வி முதலில் சிலிண்டரையும் பிறகு குமிழ்களையும் மூடினாள் என்று. அது ஒரு முடிவு.

இன்னொன்றும் எழுதினேன். அதில் அவள் ஃபோன் செய்யவில்லை. அவள் முகம்— அந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை. முடிக்காமலேயே இங்கு விட்டிருக்கிறேன், நான் செய்யவிருந்தது எது என்று எனக்கே தெரிவதற்காக.

மூன்றாவது முடிவு என் கையில் இல்லை. விற்பனையாளரிடம் போனேன். புதுத் தாளில் பன்னிரண்டாம் குறிப்பு இருக்கிறது. ஆனால் பழைய தாளோடு நாற்பது பெட்டிகள் போயிருக்கின்றன. யார் வாங்கினார்கள் என்று அவர் எழுதி வைக்கவில்லை. ஒன்று வெள்ளிமலையில் இருக்கிறது. மணலூர்பேட்டையில் ஒரு மாடியில் ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். மீதி முப்பத்தெட்டு எங்கே என்று எனக்குத் தெரியாது. உறை போட்டு எங்கோ ஓரமாக நிற்கின்றன. மழை விட்டுவிட்டது. இந்த வாரமோ அடுத்த வாரமோ யாரோ ஒருவர் வெளியே தள்ளிக்கொண்டு வருவார்.

உங்களுடையதாக இருக்கலாம். உங்கள் தம்பியுடையதாக இருக்கலாம். சிலிண்டரை மாட்டுவதற்கு முன், தயவுசெய்து, மூடியைத் திறந்து, தட்டுகளை எடுத்து, குழாயை உருவி வெளிச்சத்தில் பிடியுங்கள்.

உங்கள் குழாய்க்குள் என்ன இருந்தது என்று நான் எழுதப்போவதில்லை, நீங்கள்தான் சொல்ல வேண்டும். தாளின் கடைசி வரியில் என் எண் உங்களிடம் இருக்கிறது.