தொடைக்கு அடியில் ஒரு கை

லோரியில் ஏறி உட்கார்ந்ததும் ரஞ்சிதம் இடது கையால் மகளின் தலையை மடியில் சாய்த்துக்கொண்டாள். வலது கையைத் தன் தொடைக்கு அடியில் செருகி, அதன்மேலேயே உட்கார்ந்தாள். எதற்கு என்று எனக்குத் தெரியும். எங்கள் தோட்டத்து லயத்து வீடுகளில் எல்லாருக்கும் தெரியும். தேயிலை ஃபேக்டரியிலிருந்து ஓடிவந்த அவள் புருஷன் முருகையா, முன்னால் இடமில்லாமல் பின்னால் முட்டைக்கோஸ் கூடைகளுக்கு நடுவே ஏறிக்கொண்டு தகரத்தை ஓங்கித் தட்டினான். நான் கியரைப் போட்டேன். என் பெண்டாட்டி தங்கம்மா எங்கள் வீட்டு வாசலில் நின்றாள். இரண்டு கையிலும் விளக்கெண்ணெய் மினுமினுத்தது. துடைத்துக்கொள்ளக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

ரஞ்சிதத்தின் கை சாதாரணக் கை இல்லை. ஒரு காலத்தில் பிள்ளைக்கு வயிறு உப்பி வாந்தியெடுத்தால், 'கொடல் ஏறிக்கிச்சு' என்று சொல்லி அவளிடம்தான் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். விளக்கெண்ணெயைச் சூடு காட்டி, தொப்புளைச் சுற்றி மெதுவாக வழித்து வழித்துத் தடவுவாள். பிறகு பிள்ளையின் கணுக்காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி உள்ளங்காலில் நான்கு தட்டு தட்டுவாள். அதுவரை வீலென்று கத்திய பிள்ளை ஓர் ஏப்பம் விட்டுத் தூங்கிப்போகும். பக்கத்து ரிங்லெட் டவுனில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்த அபூபக்கர்கூடத் தன் மகளைக் கொண்டுவந்து தட்டச் சொல்லித் தூக்கிப் போயிருக்கிறார். கைராசிக்காரி என்று பேர். எஸ்டேட் ஆஸ்பத்திரி டிரெஸ்ஸரின் சிவப்புத் தண்ணி மருந்தைவிட அவள் கையைத்தான் நாங்கள் நம்பினோம்.

எழுபத்து மூன்றில் அவள் மகள் ஜெயாவுக்கு நாலு வயது. சோறு தின்ற பிள்ளை சுருண்டு படுத்துக்கொண்டு வாந்தியெடுத்தது. ஊர்ப்பிள்ளைக்குத் தட்டுகிறவள் தன் பிள்ளைக்குத் தட்டாமல் இருப்பாளா? ரெண்டு நாள் தட்டினாள். ரெண்டாம் நாள் சாயந்திரம் வலி சட்டென்று நின்று பிள்ளை சிரித்தது, ரொட்டி கேட்டது. லயமே அவள் கையை மெச்சியது. விடிவதற்குள் உடம்பு அனலாகிக் கண் செருகிவிட்டது. ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் வயிற்றைத் திறந்தால் குடல் முறுக்கிக் கறுத்து, ஓட்டையாகிக் கிடந்ததாம். கறுத்ததையெல்லாம் வெட்டி எடுத்தார்கள்.

டாக்டர் சொன்னதை ஒரு தமிழ் நர்ஸ்தான் எங்களுக்குச் சொன்னாள். குடல் ரொம்பக் குட்டையாகிவிட்டது, இனி தின்பது உடம்பில் ஒட்டாது. தழும்பில் குடல் ஒட்டிக்கொண்டு எப்போது வேண்டுமானாலும் அடைக்கலாம். வயிறு உப்பிப் பச்சையாக வாந்தி வந்தால் உடனே கொண்டுவர வேண்டும். "யாரும் வயித்துல கை வைக்காதீங்க. தடவாதீங்க, எண்ணெ குடுக்காதீங்க." ரஞ்சிதம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "நான் தடவுனதாலதானா?" நர்ஸ் அதை டாக்டரிடம் கேட்கவில்லை. "அது தானா முறுக்கிக்கிறதும்மா. ரெண்டு நாளைக்கு முன்னாடி வந்திருக்கலாம்," என்றாள்.

அன்றோடு ரஞ்சிதம் எந்தப் பிள்ளையையும் தொடவில்லை. லயத்துப் பெண்கள் கெஞ்சினார்கள், கோபித்துக்கொண்டார்கள். கடைசியில் ரஞ்சிதம் தங்கம்மாவிடம் வந்து, "என் கை வேணாம் அண்ணி, நீங்க பழகிக்குங்க," என்றாள். தான் எட்டி உட்கார்ந்துகொண்டு வாயாலேயே சொல்லிக்கொடுத்தாள். பிள்ளையில்லாத என் பெண்டாட்டிக்கு அது பெரிய பாக்கியமாகப் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் எங்கள் வீடு நிறையப் பிள்ளைகள்.

ஜெயா எங்கே வளர்ந்தாள்? ஒன்பது வயதில் ஆறு வயது உருவம். ஒரு வாய் தின்றால் உடனே கக்கூசுக்கு ஓட வேண்டும். பள்ளிக்கூடத்தில் அவளுக்கென்று கதவோரத்தில் இடம். நடுவில் ரெண்டு தடவை அடைத்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாய் விட்டுப் படுக்க வைத்தார்கள். கத்தி வைக்காமலே பிழைத்துவிட்டாள், ஆனால் அந்தக் குழாயை நினைத்தாலே அவளுக்கு உடம்பு நடுங்கும். குளிப்பாட்டும்போதுகூட ரஞ்சிதம் முதுகைத் தேய்த்துவிட்டு சோப்பை அவள் கையில் கொடுத்துவிடுவாள், வயிற்றை நீயே தேய்த்துக்கொள் என்று. பிள்ளை எங்கள் வாசலில் உட்கார்ந்து, தங்கம்மா மற்றப் பிள்ளைகளுக்குத் தட்டுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கும். "எனக்கு மட்டும் ஏன் அத்தே தட்ட மாட்றீங்க?" என்று கேட்கும். நாங்கள் ஒரு பிஸ்கட்டைக் கொடுத்து அனுப்பிவிடுவோம். பாவம், வேறென்ன செய்ய?

இன்றைக்கு நான் திரிங்காப் காய்கறித் தோட்டத்தில் முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டு, சோறு தின்ன லயத்தில் லோரியை நிறுத்தினேன். உள்ளே போனால் ஜெயா எங்கள் பாயில் கிடக்கிறாள். சட்டை மேலே ஏறியிருக்கிறது. வயிறு பானை மாதிரி உப்பி, தழும்பெல்லாம் எண்ணெய் பளபளக்கிறது.

"அறிவிருக்காடி உனக்கு?" என்று தங்கம்மாவைப் பார்த்துக் கத்திவிட்டேன்.

"காலைலேருந்து வலிங்க. அம்மாகிட்ட சொன்னா மூக்குல குழா விட்ருவாங்க அத்தேன்னு காலப் புடிச்சுக்கிட்டு அழுவுது. மெதுவாதான் தடவுனேன், சாமி சத்தியமா..."

அவள் சொல்லி முடிப்பதற்குள் பிள்ளை பச்சையாக வாந்தியெடுத்தது. தேயிலை மலைக்கு ஆள் ஓடியது. ரஞ்சிதம் முதுகில் கொழுந்துக்கூடையோடு அப்படியே வந்து நின்றாள். மகளின் வயிற்றைப் பார்த்தாள், தங்கம்மாவின் கைகளைப் பார்த்தாள். கூடையை இறக்கிவைத்துவிட்டு மகளைத் தூக்கிக்கொண்டாள். அவள் நாலு அறை அறைந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். எஸ்டேட் வேன் பழுதாகிக் கிடந்தது. "தாப்பா ஆஸ்பத்திரிக்கு எறங்குங்க, அங்கேருந்து ஈப்போவுக்குக் கொண்டுபோக ஆம்புலன்சுக்கு நான் போன் பண்றேன்," என்றார் டிரெஸ்ஸர்.

ரிங்லெட்டைத் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. பனி வேறு. ஒவ்வொரு வளைவிலும் ஜெயா முனகினாள். அந்த முனகலைக் கேட்டுக்கொண்டு ஸ்டீயரிங் பிடிப்பது பெரிய கொடுமை. எதையாவது பேச வேண்டும் போல இருந்தது.

"தங்கம்மா வேணும்னு செய்யலம்மா. பிள்ளை மேல உசிரு அவளுக்கு."

"தெரியும்ண்ணே," என்றாள் ரஞ்சிதம். கொஞ்ச தூரம் போன பிறகு, "நான் சொல்லிக்குடுத்ததுதானே," என்றாள்.

பாதி மலை இறங்கியிருப்போம். முனகல் நின்றது. பயந்துபோய்த் திரும்பிப் பார்த்தால், ஜெயா கண்ணைத் திறந்துகொண்டு கிடக்கிறாள். முகத்தில் சுளிப்பே இல்லை.

"அம்மா, வலி போயிருச்சும்மா."

"அப்பாடா!" என்று எனக்கு உயிரே திரும்பி வந்தது. வேகத்தைக் குறைத்தேன். "பாத்தியா தங்கச்சி, மாரியாத்தா கண்ணத் தொறந்துட்டா. இனி பயமில்ல லா!"

"அத்தே கை நல்ல கைம்மா," என்றது பிள்ளை. "அத்தேய ஏசாதேம்மா. எனக்குப் பசிக்குது. தாப்பாவுல ரொட்டி வாங்கித் தர்றியா?"

நான் ரஞ்சிதத்தின் பக்கம் பார்த்தேன். அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"அண்ணே, வேகமாப் போங்க."

"அதான் வலி நின்னுருச்சே..."

"அன்னைக்கும் இப்படித்தான் நின்னுச்சு. ரொட்டி கேட்டா."

என் கால் தானாக ஆக்சிலேட்டரை மிதித்தது. பின்னால் கூடைகள் சரிந்தன. என்ன ஏது என்று தெரியாமல் முருகையா தகரத்தைப் படபடவென்று தட்டினான். நான் நிறுத்தவில்லை.

ஜெயா அம்மாவின் தொடைக்கு அடியில் தன் விரல்களை நுழைத்து, அந்தக் கையை வெளியே இழுத்தாள். "இப்ப வலிக்கலதானே, வையி," என்று தன் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள். "சில்லுன்னு இருக்கும்மா." கண்ணை மூடினாள்.

கொழுந்துக்கறை பிடித்த அந்தக் கை அங்கேயே இருந்தது. தடவவில்லை, அமுக்கவில்லை, பாரம்கூட வைக்கவில்லை. வளைவுக்கு வளைவு பிள்ளையின் உடம்பு சாய்ந்தபோது கையும் கூடவே சாய்ந்தது, விரல்களில் எண்ணெய் ஏறிக்கொண்டிருந்தது.