மகளுக்காகப் போட்ட மெஸ்

ராமாமணிக்கு மைசூர் ராஜ்யத்து அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் மண்ணையும் பாறையையும் ஆராயும் பூகர்ப்ப சாஸ்திரம் படிக்க இடம் கிடைத்தபோது, பல்லடத்துக்குப் பக்கத்திலிருந்த அவர்கள் தோட்டத்தில் பருத்தி எடுப்பு நடந்துகொண்டிருந்தது. வெளி ராஜ்யத்துப் பிள்ளைகளுக்குப் படிப்புச் சம்பளம் இரட்டிப்பு. நல்ல மார்க் வாங்கியதற்காக அதில் பாதியைத் தள்ளியிருந்தார்கள். மீதிச் சம்பளத்தையும் விடுதிச் செலவையும் வீட்டில்தான் கட்டியாக வேண்டும்.

அவள் தாய் பங்காரம்மா புருஷனை இழந்தபின் தனியாளாக விவசாயம் பார்த்தவள். அண்ணன் சுந்தரராஜுலு வந்து உட்கார்ந்தார்.

"மேக்காட்டு நெலத்தை வித்துப்போடலாம் அம்மணி. இல்லாட்டி புள்ளைய இங்கயே ஏதாச்சும் படிக்க வெய்யி."

"ரெண்டும் வேண்டாமுங்கண்ணா. சம்பளத்தைவிட விடுதிதான் அதிகம். விடுதின்னா என்னங்க? சோறும் படுக்கையுந்தானே? நானே கூடப் போறேன். ஊடு எடுத்து மெஸ் போடறேன். வார காசுல சம்பளங் கட்டிப்போடலாம்."

"நம்மூட்டுப் பொம்பளை சோறு விக்கறதா?"

"பருத்தி விக்கறோமில்லீங்க? அப்பப் போகாத கௌரவம் சோத்துல போயிருமா?"

 பங்காரம்மா அடுத்த தோட்டத்துப் பாலுசாமிக்குத் தன் தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டு, பாத்திரங்களை மூட்டை கட்டி, மகளோடு ரயிலேறினாள்.

பல்கலைக்கழகத்துக்குப் பின்தெருவில் ஓட்டு வீடு கிடைத்தது. கன்னடம் தெரியாவிட்டாலும் வீட்டில் பேசும் தெலுங்கை வைத்துக்கொண்டு சந்தையில் சமாளித்தாள். முதல் மாதம் மூன்று பேர்தான் சாப்பிட வந்தார்கள். ராமாமணி தினமும் பாத்திரம் துலக்க உட்கார்ந்தாள்.

"எந்திரி. நீ படிக்க வந்திருக்கே. இது என் வேலை" என்று அவளை எழுப்பி விட்டாள் பங்காரம்மா.

அந்த ஊர்ச் சமையலைப் போலன்றி, சாம்பாரில் வெல்லம் போடாத வீடு ஒன்று இருக்கிறது என்று உடுமலைப் பையன் ஒருவன் விடுதியில் சொல்லிவைத்தான். சனிக்கிழமை அரிசிம்பருப்புச் சாதமும் நெய்யும் என்றதும் கோயம்புத்தூர்ப் பிள்ளைகள் சேர்ந்தார்கள். தீபாவளிக்குள் பந்தி இரண்டு ஆயிற்று.

ஆனாலும் இரண்டாம் பருவச் சம்பளத்துக்குக் கெடு வந்தபோது பையன்கள் பாதிப் பேருக்கு ஊரிலிருந்து மணியார்டர் வராததால் மெஸ் பணம் நின்றுபோயிற்று. பங்காரம்மா நேரே பல்கலைக்கழக ஆபீசுக்குப் போனாள். குமாஸ்தாவுக்குத் தெலுங்கு வந்தது நல்லதாய்ப் போயிற்று.

"பாதி இப்போது கட்டுகிறேன். மீதி அடுத்த மாசம்."

"அப்படி யாரும் கேட்டதில்லையம்மா."

"நான் கேட்கிறேனே. பெரியவரிடம் சொல்லிப் பாருங்கள்."

குமாஸ்தா உள்ளே போய் வெகுநேரம் கழித்து வந்தார். தவணை கிடைத்தது. மறு மாசம் சொன்ன தேதிக்கு முன்பே போய் மீதியைக் கட்டினாள். அடுத்த வருஷங்களில் குமாஸ்தாவே, "இரண்டு தவணைதானே அம்மா?" என்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

ராமாமணி முதல் வகுப்பில் தேறினாள். மேற்படிப்பும் அங்கேயே முடித்தாள். மேக்காடு விற்காமலே முடிந்தது. கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் வாத்தியார் வேலை உறுதியானதும் பெட்டியைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"கெளம்பும்மா. மாமா டேசனுக்கு வாரேன்னிருக்காரு."

பங்காரம்மா அடுப்பில் உலை வைத்துக்கொண்டிருந்தாள்.

"நீ முன்னால போ கண்ணு. பசங்களுக்குப் பரீட்சை நடக்குது. பாதியில பட்டினி போட்டுட்டு வர முடியுமா? முடிச்சுப்போட்டு வாரேன்."